பெட்ரோல் மானியத்தை என்னதான் செய்வது? நைஜீரியாவை நடுவில் வைத்து ஓர் ஒப்பீடு

"நம்ம மண்ணுக்கு அடியில் எண்ணெய் இருக்கிறது. அப்புறம் எதற்கு உலக விலை கொடுத்துப் பெட்ரோல் போட வேண்டும்?" எண்ணெய் எடுக்கும் எந்த நாட்டுக்குப் போனாலும் இந்தக் கேள்வி காதில் விழும். பொருளாதாரம் படித்தவர்களிடம் இதற்குப் பதில் தயாராக இருக்கும்: மானியத்தில் பெரும்பங்கு கார் வைத்திருப்பவருக்குப் போகிறது, எல்லை தாண்டிக் கடத்தல் நடக்கிறது, கஜானா காலியாகிறது, ஆகவே நிறுத்து. பதிலில் தப்பில்லை. ஆனால் கேட்டவர் விடமாட்டார். "சரி, நிறுத்தினால் மிச்சமாகும் பணம் எங்கே போகும்? அதை எனக்கு யார் காட்டுவார்கள்?" என்பார். பேச்சு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறது.

மானியம் வேண்டுமா, வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாமல் தவிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உண்மையில் அவர்கள் முன்னால் இருப்பவை இரண்டு வழிகள் அல்ல, ஐந்து. நைஜீரியாவை நடுவில் வைத்துப் பார்க்கலாம். இந்த ஐந்தில் பலவற்றை அரைகுறையாகவாவது முயன்று பார்த்த நாடு அது. அது சரியாக முயலாத வழிகளுக்கு ஈரானும் இந்தோனேசியாவும் மலேசியாவும் உதாரணம் தரும்.

## களம் எப்படிப்பட்டது

நைஜீரியாவில் 1956-ல் ஒலோய்பிரி என்ற ஊரில் எண்ணெய் கிடைத்தது. 1971-ல் எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஓபெக்கில் சேர்ந்தார்கள். போர்ட் ஹார்கோர்ட்டில் இரண்டு, வாரியில் ஒன்று, கடுனாவில் ஒன்று என்று அரசுக்கு நான்கு சுத்திகரிப்பு ஆலைகள். நான்கும் ஒழுங்காக ஓடினால் நாளொன்றுக்கு 4,45,000 பீப்பாய் சுத்திகரிக்கலாம். பல ஆண்டுகளாக அவை பேருக்குத்தான் ஆலைகள். கச்சா எண்ணெயை ஏற்றுமதி செய்துவிட்டு பெட்ரோலை டாலர் கொடுத்து இறக்குமதி செய்துகொண்டிருந்தது நாடு. மானியம் என்று சொல்லப்பட்டதில் பெரும்பகுதி இந்த இறக்குமதி விலைக்கும் பங்க் விலைக்கும் நடுவிலிருந்த வித்தியாசம்தான்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கே பெட்ரோல் வண்டிக்கு மட்டும் அல்ல. மின்சாரம் வருவதும் போவதுமாக இருக்கும் ஊர்களில் தையல் கடை, முடிவெட்டும் கடை, குளிர்பானக் கடை எல்லாம் சின்னப் பெட்ரோல் ஜெனரேட்டரில்தான் ஓடுகின்றன. கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய அந்த ஜெனரேட்டருக்கு மக்கள் வைத்த பட்டப்பெயர் 'ஐ பெட்டர் பாஸ் மை நெய்பர்': பக்கத்து வீட்டுக்காரனைவிட நான் ஒரு படி மேல். லாகோஸின் மஞ்சள் நிற டான்ஃபோ வேன்களும், 'கெகே' என்று அழைக்கப்படும் ஆட்டோக்களும் (அதில் நம்ம டிவிஎஸ் வண்டிகளும் நிறைய உண்டு) பெட்ரோல் விலை ஏறினால் அன்றைக்கே கட்டணத்தை ஏற்றிவிடும். 'மானியம் பணக்காரனுக்கு' என்ற வாதத்தைக் கேட்கும்போது இந்தத் தையல்காரரையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மொத்தத் தொகையில் அவருக்குப் போவது கொஞ்சம்தான். ஆனால் அவர் வருமானத்தில் அது பெரிய துண்டு.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து கேள்விகள் வைத்துக்கொள்கிறேன்.

1. பணம் கடைசியில் யார் கைக்குப் போகிறது?
2. கஜானாவிலிருந்து எவ்வளவு போகிறது, அந்தத் தொகை முன்கூட்டியே தெரிந்ததா, இல்லை உலக விலையோடு சேர்ந்து ஆடுவதா?
3. பஸ் கட்டணத்திலும் சாப்பாட்டு விலையிலும் எவ்வளவு அதிர்ச்சி?
4. வெளியாள் ஒருவர் கணக்கைச் சரிபார்க்க முடியுமா?
5. அடுத்த தேர்தலையும் அடுத்த விலையேற்றத்தையும் தாண்டி நிற்குமா?

என் கணக்கில் நான்காவதுக்கு மற்ற நான்கையும்விட எடை அதிகம். மற்றவற்றில் ஓட்டை விழுந்தால், கணக்கு தெரிந்திருக்கும் பட்சத்தில் பிறகு அடைக்கலாம். கணக்கே தெரியாவிட்டால் ஓட்டை இருப்பதே தெரியாது.

## வழி 1: மானியத்தை அப்படியே தொடர்வது

முதலில் இதற்குச் சாதகமானதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை யாரும் சரியாகச் சொல்வதில்லை. எண்ணெய்ப் பணத்தில் பள்ளிக்கூடம் வரலாம், வராமல் போகலாம். ரோடு பாதியில் நிற்கலாம். ஆஸ்பத்திரியில் மருந்து இல்லாமல் இருக்கலாம். மலிவான பெட்ரோல் மட்டும் குடிமகன் கைக்கு நேரடியாக வரும், நடுவில் எந்த அதிகாரியின் கையெழுத்தும் தேவையில்லை. அரசை நம்பாத மக்கள் இதைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்பதில் அர்த்தம் இருக்கிறது. 'முட்டாள்தனமான பிடிவாதம்' என்று வெளியிலிருந்து சொல்பவர்கள் அந்த ஊரில் வரி கட்டிப் பார்த்ததில்லை.

ஆனால் செலவுப் பக்கத்தைப் பார்த்தால் தலை சுற்றும். 2012-ல் நைஜீரிய நாடாளுமன்றக் கீழவையின் குழு ஒன்று 2009 முதல் 2011 வரையிலான மானியக் கணக்கைத் தோண்டியது. மூன்று வருடத்தில் சுமார் 680 கோடி டாலர் மோசடியிலும் முறைகேட்டிலும் போய்விட்டதாக அறிக்கை சொன்னது. நாளொன்றுக்கு 5.9 கோடி லிட்டருக்கு மானியம் வாங்கியிருக்கிறார்கள், நாடு எரித்ததோ ஏறக்குறைய 3.5 கோடி லிட்டர். 2006-ல் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருந்த இறக்குமதியாளர்கள் 2011-ல் 140 பேர் அளவுக்குப் பெருகியிருந்தார்கள். அந்த அறிக்கையில் எனக்கு மறக்காத வரி ஒன்று உண்டு. 2009 ஜனவரி 12, 13 தேதிகளில், 24 மணி நேரத்துக்குள், ஒவ்வொன்றும் சரியாக 99.9 கோடி நைரா (நைஜீரிய நாணயம்) என்று 128 தடவை பணம் பட்டுவாடா ஆகியிருக்கிறது. நூறு கோடிக்குப் பத்து லட்சம் குறைவாக, 128 தடவை!

அதோடு முடியவில்லை. அந்தக் குழுவின் தலைவர் ஃபாருக் லவான், மோசடிப் பட்டியலிலிருந்து ஒரு நிறுவனத்தின் பெயரை எடுப்பதற்காக எண்ணெய்த் தொழிலதிபர் ஒருவரிடம் டாலராக லஞ்சம் வாங்கினார் என்று வழக்கு வந்து, 2021-ல் தண்டனையும் பெற்றார். திருட்டைக் கண்டுபிடிக்கப் போனவர் கதை இப்படி.

பிறகு இறக்குமதி முழுக்க அரசு எண்ணெய் நிறுவனமான என்என்பிசியின் கைக்குப் போனது. கச்சா எண்ணெயைக் கொடுத்துப் பெட்ரோலாகத் திருப்பி வாங்கும் ஏற்பாடு 2016-ல் வந்தது. விற்ற எண்ணெய்ப் பணத்திலிருந்து மானியத்தைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் நாட்டின் பொதுக் கணக்குக்கு அனுப்புவார்கள். 2022-ல் பல மாதங்கள் மீதி என்று ஒன்று இல்லை. உலகச் சந்தையில் எண்ணெய் விலை உச்சத்தில் இருந்த வருடம், எண்ணெய் விற்கும் நாட்டின் பொதுக் கணக்குக்கு அரசு எண்ணெய் நிறுவனத்திடமிருந்து பணம் வரவில்லை. அந்த ஒரு வருடத்தில் மானியம் நான்கு லட்சம் கோடி நைராவைத் தாண்டியது. நாடாளுமன்றத்தில் ஓட்டெடுத்து ஒதுக்கும் செலவு அல்லாமல், வரவு வரும் வாசலிலேயே கழித்துக்கொள்ளும் செலவு. இதைவிடக் கணக்குக்கு அகப்படாத முறையை யோசித்துக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

கடத்தல் தனிக் கதை. பக்கத்து நாடான பெனினில் ரோட்டோரம் மேஜை போட்டு, கண்ணாடிக் குடுவையிலும் பாட்டிலிலும் நைஜீரியப் பெட்ரோல் விற்பார்கள். 'க்பாயோ' என்று பெயர். மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் ஜெரிக்கேன் கட்டிக்கொண்டு எல்லையைத் தாண்டுவது அங்கே ஒரு தொழில். நைஜீரியாவின் மானியத்தில் பெனின் ஓடியது. 2023-ல் மானியம் போன பிறகு நைஜீரியா தினமும் எரிப்பதாகச் சொன்ன அளவு ஆறரைக் கோடி லிட்டரிலிருந்து ஐந்து கோடிக்கும் கீழே இறங்கியது. விலை ஏறியதால் மக்கள் குறைத்துக்கொண்டது ஒரு பங்கு. மற்றது நாட்டுக்குள் எரியவே இல்லை.

*எப்போது சரி?* ஜனத்தொகை குறைவு, ஆளுக்குக் கிடைக்கும் எண்ணெய் வருமானம் மிக அதிகம், சொந்தச் சுத்திகரிப்பு ஆலை ஒழுங்காக ஓடுகிறது என்றால் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். 20 கோடிக்கு மேல் ஜனங்கள் உள்ள நைஜீரியா இந்தப் பட்டியலில் வராது.

## வழி 2: ஒரே நாளில் நிறுத்துவது

நைஜீரியா இதை இரண்டு தடவை செய்தது.

2012 ஜனவரி 1. அதிபர் குட்லக் ஜொனாதன் ஆட்சி. புத்தாண்டுக்குச் சொந்த ஊர் போனவர்கள் திரும்பி வருவதற்குள் லிட்டர் 65 நைரா 141 ஆகிவிட்டது. தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் அறிவித்தன, 'ஆக்குபை நைஜீரியா' என்று தெருவெல்லாம் கூட்டம். இரண்டு வாரத்தில் அரசு இறங்கி வந்து 97 நைரா என்றது. மேலே சொன்ன நாடாளுமன்ற விசாரணை இந்தக் கோபத்தில் பிறந்ததுதான். விலையேற்றம் பாதியில் தோற்றது, ஆனால் அதை எதிர்த்த போராட்டம்தான் கணக்குப் புத்தகத்தைத் திறக்க வைத்தது. மானியத்தை ஒழிக்கச் சொல்பவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்.

2023 மே 29. புதிய அதிபர் போலா டினுபு பதவியேற்ற உரையிலேயே பெட்ரோல் மானியம் போய்விட்டது என்றார். பெட்ரோல் பங்க்குகளில் அன்றைக்கே வரிசை நின்றது. 190 நைரா அளவில் இருந்தது சில நாளில் 500-ஐ எட்டியது, ஜூலையில் 617. ஜூன் மாதமே நைராவின் மாற்று விகிதத்தையும் சந்தைக்கு விட்டார்கள். இரண்டையும் தனித்தனியாகச் செய்திருந்தால் அரசு தாங்குமா என்பது வேறு விவாதம். சேர்த்துச் செய்ததில் நடந்தது இது: நைரா சரிந்தது, இறக்குமதிப் பெட்ரோல் நைராவில் இன்னும் விலை கூடியது, 617-ல் நிறுத்தி வைத்த விலை மறுபடி அடக்க விலைக்குக் கீழே போனது. மானியம் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்தது. 2024 ஆகஸ்டில் என்என்பிசி அதை மானியம் என்று ஒப்புக்கொள்ளவில்லை, அடக்க விலைக்கும் விற்பனை விலைக்கும் உள்ள குறைவைச் சுமப்பதாகச் சொன்னது. அந்த அக்டோபருக்குள் லிட்டர் ஆயிரம் நைராவைத் தொட்டது. 2024 நடுவில் உணவுப் பொருள் விலை முந்தின வருடத்தைவிட 40 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. ஆகஸ்ட் மாதத் தெருப் போராட்டங்களில் உயிர்கள் போயின.

மறைந்திருக்கும் செலவு அந்த மாதத்து விலையேற்றம் மட்டும் அல்ல. அடுத்து அரசு எந்த நல்ல சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தாலும் "போன தடவை மாதிரியா?" என்று கேட்பார்கள். அந்தச் சந்தேகத்தின் விலை எந்த பட்ஜெட்டிலும் வராது.

ஈரானும் ஒரு தடவை இதைச் செய்தது. 2019 நவம்பரில் நள்ளிரவு அறிவிப்பு: ஒதுக்கீட்டுப் பெட்ரோல் 10,000 ரியாலிலிருந்து 15,000, அதற்கு மேல் போட்டால் 30,000. நாடு முழுக்கக் கலவரம், கிட்டத்தட்ட ஒரு வாரம் இணையத்தையே துண்டித்தார்கள். குறைந்தது 304 பேர் கொல்லப்பட்டதாக மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டி பதிவு செய்தது. இதே ஈரான் அதற்கு ஒன்பது வருடம் முன்னால் இதைவிடப் பெரிய விலையேற்றத்தை ஏறக்குறைய சத்தமில்லாமல் செய்தது. எப்படி என்று நான்காவது வழியில் பார்ப்போம்.

*எப்போது சரி?* அந்நியச் செலாவணி தீர்ந்து, வேறு வழியே இல்லாதபோது. அல்லது உலகச் சந்தையில் எண்ணெய் தரைமட்டத்துக்கு விழுந்து, மானியத்தை எடுத்தாலும் பங்க் விலை ஏறாத நேரத்தில். இரண்டாவது வாய்ப்பு அபூர்வமாக வரும். 2014 கடைசியில் அப்படி வந்தபோது இந்தோனேசியா பிடித்துக்கொண்டது. நவம்பரில் விலையை ஏற்றி, 2015 ஜனவரியில் பெட்ரோல் மானியத்தை எடுத்து, அதே கையோடு பங்க் விலையைக் குறைக்கவும் செய்தது.

## வழி 3: சூத்திரம் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக

விலையை அமைச்சர் தீர்மானிக்க மாட்டார், சூத்திரம் தீர்மானிக்கும். மாதாமாதம் உலக விலையைப் பார்த்து ஏறும், இறங்கும். துபாயிலும் ஷார்ஜாவிலும் இருக்கும் நம்மவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். ஐக்கிய அரபு அமீரகம் 2015 ஆகஸ்டில் இந்த முறைக்கு மாறியது. மாதக் கடைசியில் அடுத்த மாத விலை வரும், ஏறுகிறது என்று தெரிந்தால் முந்தின நாளே டேங்கை நிரப்பிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

தேர்தல் பயம் உள்ள நாட்டில் இந்தச் சூத்திரம் அவ்வளவு சுலபமாக உயிரோடு இருக்காது. 2020-ல் கொரோனாவால் எண்ணெய் விலை விழுந்தபோது நைஜீரியா விலையைக் குறைத்து, மானியம் முடிந்தது என்றது. உலக விலை திரும்ப ஏறியது. 2021 மார்ச்சில் விலை ஆணையம் சூத்திரப்படி லிட்டருக்கு 212 நைரா வரை என்று வெளியிட்டது. எதிர்ப்பு கிளம்பியது, சில மணி நேரத்தில் அந்த அறிவிப்பை எடுத்துவிட்டார்கள். அதே வருடம் ஆகஸ்டில் பெட்ரோலியத் தொழில் சட்டம் கையெழுத்தானது, அதன்படி விலை சந்தையைப் பொறுத்தது. 2022 ஜனவரியில், அதை அமல்படுத்த இன்னும் 18 மாதம் வேண்டும் என்றது அரசு. 2023 பிப்ரவரியில் தேர்தல். கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நமக்கும் இது புதிதில்லை. இந்தியாவில் 2017-லிருந்து பெட்ரோல் விலை தினசரி மாறும் என்பது ஏற்பாடு. தேர்தல் வந்தால் அந்தத் தினசரி விலை மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும் அதிசயத்தை எத்தனை தடவை பார்த்துவிட்டோம்.

ஆனாலும் கணக்கு தெரிவது என்ற அளவுகோலில் இந்த வழிக்கு ஒரு பலம் உண்டு. சூத்திரத்தை வெளியிட்டால், கச்சா விலை எவ்வளவு, கப்பல் கூலி எவ்வளவு, வரி எவ்வளவு, டீலர் கமிஷன் எவ்வளவு என்று யார் வேண்டுமானாலும் கூட்டிப் பார்க்கலாம். அரசு சூத்திரத்தை மீறும் நாள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

*எப்போது சரி?* நாணயம் ஓரளவு நிலையாக இருக்கும்போது. நைரா மாதிரி ஒரே வருடத்தில் பாதிக்கு மேல் மதிப்பிழக்கும் நாணயத்தோடு சூத்திரத்தைக் கட்டினால், 'கொஞ்சம் கொஞ்சமாக' என்பது பேச்சளவில்தான்.

## வழி 4: விலையை ஏற்றி, பணத்தைக் கையில் கொடுப்பது

ஈரான் 2010 டிசம்பரில் செய்தது இதுதான். பெட்ரோல் லிட்டர் ஒதுக்கீட்டுக்குள் 1,000 ரியாலிலிருந்து 4,000, வெளியே 4,000-லிருந்து 7,000. ஒதுக்கீட்டு விலை ஒரே ராத்திரியில் நாலு மடங்கு. டீசல், எரிவாயு, ரொட்டி விலையும் கூடவே ஏறின. ஆனால் அதற்கு முன்பே குடும்பத் தலைவர்களுக்கு வங்கிக் கணக்கு திறந்து, ஆளுக்கு மாதம் 4,55,000 ரியால் வீதம் இரண்டு மாதப் பணத்தைப் போட்டுவிட்டார்கள். அன்றைய மதிப்பில் ஆளுக்குச் சுமார் 45 டாலர். பணம் கணக்கில் தெரியும், எடுக்க முடியாது. விலை ஏறும் நாளில்தான் பூட்டு திறக்கும். "இது வேண்டுமென்றால் அது வரும்" என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பிரசாரமும் சொல்லியிருக்காது. ஐந்து பேர் உள்ள ஏழைக் குடும்பத்துக்கு, கூடுதலாகக் கொடுக்கும் பெட்ரோல் விலையைவிட வரும் பணம் அதிகம். ஜனத்தொகையில் பெரும்பாலோருக்கும் கிடைத்தது.

குறை? சட்டப்படி விலையேற்றத்தால் வரும் வருமானத்தில் பாதிதான் குடும்பங்களுக்கு. மீதி தொழில்களுக்கும் அரசுக்கும். நடைமுறையில் வந்ததைவிட அதிகமாகவே குடும்பங்களுக்குப் போனது, தொழிற்சாலைகளுக்குச் சொன்ன உதவி சரியாகப் போகவில்லை. பற்றாக்குறையை அச்சடித்த பணம் நிரப்பியது. பிறகு பொருளாதாரத் தடைகள், பணவீக்கம். அதே 4,55,000 ரியால் பத்து வருடத்தில் இரண்டு டாலர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. தொகையை விலைவாசியோடு கட்டாமல் விட்டால் பணமாகக் கொடுப்பது இப்படித்தான் கரையும். 2019-ல் ஜனங்கள் தெருவுக்கு வந்ததில் இதற்கும் பங்கு உண்டு.

இந்தக் கரைதலை நாமே அனுபவித்திருக்கிறோம். இந்தியாவில் கேஸ் சிலிண்டர் மானியம் 2015-லிருந்து வங்கிக் கணக்குக்கு வந்தது. முழு விலை கொடுத்து வாங்கு, மானியம் கணக்கில் ஏறும் என்றார்கள். 2020 மே மாதத்திலிருந்து பெரும்பாலான வீடுகளுக்கு அது வருவது நின்றது. இதற்கென்று பெரிய போராட்டம் எதுவும் நடக்கவில்லை. பங்க் போர்டில் ஏறும் விலை எல்லோர் கண்ணிலும் படும். கணக்கில் வராத பணத்தை ஒவ்வொரு வீடும் தனியாகத்தான் கவனிக்கும்.

நைஜீரியாவும் பணம் தருகிறோம் என்றது. 1.5 கோடிக் குடும்பங்களுக்கு மூன்று மாதம், மாதம் 25,000 நைரா என்று 2023 அக்டோபரில் அறிவிப்பு. விலை ஏறியது மே மாதம் என்பதைக் கவனிக்க: முதலில் வலி, பிறகு மருந்து. பட்டியலில் இருந்த பலருக்கு வங்கிக் கணக்கோ தேசிய அடையாள எண்ணோ இல்லை. பணம் போய்ச் சேருவது இழுத்துக்கொண்டே போனது. 2024 ஜனவரியில் அந்தத் துறை அமைச்சரான பெட்டா எடு என்பவர் இடைநீக்கம் ஆனார். 58.5 கோடி நைரா பொதுப் பணத்தைத் தனிநபர் ஒருவரின் வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னார் என்பது புகார். தவறு செய்யவில்லை என்பது அவர் தரப்பு. ஒன்றைச் சொல்ல வேண்டும்: 2009-ன் 128 பட்டுவாடாக்கள் வெளியே வர மூன்று வருடம் ஆனது. இது சில வாரங்களிலேயே வெளியே வந்தது. பணமாகக் கொடுக்கும்போது தடம் இருக்கிறது.

இந்தோனேசியா 2005 அக்டோபரில் பெட்ரோலை 2,400 ரூபியாவிலிருந்து 4,500 ஆக்கியபோது, ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட ஏழைக் குடும்பங்களுக்கு மூன்று மாதத்துக்கு 3,00,000 ரூபியா என்று தபால் நிலையம் வழியாகக் கொடுத்தது. பட்டியல் அவசரத்தில் போட்டது, பெயர் விடுபட்டவர்கள் ஊர்த் தலைவர்களிடம் சண்டைக்குப் போனார்கள். ஆனாலும் 1998-ல் எரிபொருள் விலையேற்றத்தைத் தொடர்ந்து கலவரம் மூண்டு அதிபர் சுஹார்த்தோவே பதவியிழந்த நாட்டில், இந்த விலையேற்றம் ஆட்சியைக் கவிழ்க்கவில்லை.

*எப்போது சரி?* பட்டியலும் வங்கிக் கணக்கும் தயார் என்றால், பணம் முதலில், விலை பிறகு என்றால், தொகை விலைவாசியோடு ஏறும் என்று சட்டத்தில் எழுதினால். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் யோசிக்க வேண்டும்.

## வழி 5: அட்டை காட்டினால் மலிவு விலை

மலேசியா 2025 செப்டம்பர் 30 முதல் எல்லாக் குடிமக்களுக்கும் திறந்துவிட்ட 'புடி95' திட்டம் இந்த வகை. மைகார்டு என்ற தேசிய அடையாள அட்டை வைத்திருக்கும், ஓட்டுநர் உரிமம் உள்ள குடிமகனுக்கு ரோன்95 என்ற வகைப் பெட்ரோல் லிட்டர் 1.99 ரிங்கிட், மாதம் 300 லிட்டர் வரை, மற்றவர்களுக்கு 2.60 என்று ஆரம்பித்தார்கள். முன்பு எல்லோருக்கும் 2.05. ஆக, குடிமகனுக்கு விலை ஆறு காசு குறைந்தது, மானியமும் குறுகியது. அரசியல் ரீதியாக இதைவிடச் சாமர்த்தியமான வழியை நான் பார்த்ததில்லை. தெருவில் இறங்க யாருக்கும் காரணம் இல்லை.

ஆனால் யாருக்குப் போகிறது என்று பாருங்கள். பெரிய கார் வைத்திருப்பவருக்கும் 300 லிட்டர், பழைய மோட்டார் சைக்கிள்காரருக்கும் 300 லிட்டர். பின்னவர் அதில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடமாட்டார். வண்டியே இல்லாத பாட்டிக்குப் பூஜ்யம். இந்த வழியில் அடைபடுவது எல்லை தாண்டிய ஓட்டையும் வெளிநாட்டவருக்குப் போன பங்கும்தான். உள்ளூர் ஏற்றத்தாழ்வு அப்படியே. கணக்கைப் பொறுத்தவரை நல்லது: ஒவ்வொரு லிட்டரும் ஓர் அடையாள எண்ணோடு பதிவாகிறது. மறுபக்கம், யார் எங்கே எப்போது பெட்ரோல் போட்டார் என்பதும் அரசிடம் இருக்கிறது. இலங்கையில் 2022-ல் கியூஆர் குறியீடு காட்டிப் பெட்ரோல் வாங்கியவர்களுக்கு இந்த முறையின் வசதியும் எரிச்சலும் தெரியும்.

*எப்போது சரி?* எல்லோரிடமும் அடையாள அட்டை, எல்லா பங்க்கிலும் இணையத்தோடு இணைந்த கருவி. ஜெரிக்கேனில் பெட்ரோல் வாங்கி ஜெனரேட்டருக்கு ஊற்றும் நாட்டில், இணையம் இல்லாத பங்க்கில் இதை நடத்துவது வேறு கதை.

## ஒரே பார்வையில்

| வழி | யாருக்கு அதிகம் | மறைந்திருக்கும் செலவு | கணக்கு தெரியுமா | தேர்தலைத் தாங்குமா |
|---|---|---|---|---|
| அப்படியே தொடர்வது | வண்டிக்காரர், கடத்தல்காரர், இறக்குமதியாளர் | பொதுக் கணக்குக்கு வராமலே போகும் பணம் | மிகக் குறைவு | உலக விலை ஏறும்வரை |
| ஒரே நாளில் நிறுத்துவது | கஜானா | நம்பிக்கை இழப்பு, பின்வாசல் மானியம் | மிச்சத்தை எங்கே காட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்து | கஷ்டம் |
| சூத்திரம் | கஜானா, மெதுவாக | தேர்தல் நேரத்து உறைநிலை | சூத்திரம் வெளியானால் நன்றாக | பெரும்பாலும் இல்லை |
| கையில் பணம் | பெரிய ஏழைக் குடும்பங்கள் | பட்டியல் பிழை, பணவீக்கத்தில் கரைதல் | நன்றாக | தாங்கும், ஆனால் சத்தமில்லாமல் சுருங்கும் |
| அட்டை, அளவு | வண்டி உள்ள குடிமக்கள் | அந்தரங்கம், வண்டி இல்லாதவருக்கு ஒன்றுமில்லை | நன்றாக | தாங்கும் |

## நைஜீரியா போன்ற நாட்டுக்கு எது?

நான்காவது வழிதான் என் ஓட்டு, ஆனால் வரிசையை மாற்றக் கூடாது. பட்டியல், பிறகு இரண்டு மாதப் பணம், பிறகு விலை. பட்டியல் இல்லையென்றால் பணத்துக்குப் பதில் எல்லோர் கண்ணிலும் படும் ஒன்றைத் தர வேண்டும். கானா 2005 பிப்ரவரியில் எரிபொருள் விலையை ஏறக்குறைய 50 சதவீதம் ஏற்றியது. அப்போது அது எண்ணெய் விற்கும் நாடு அல்ல, ஆனால் பிரச்சினை இதேதான். மானியம் யாருக்கு எவ்வளவு போகிறது என்று ஆய்வு செய்து மக்கள் முன் வைத்தார்கள். அரசுத் தொடக்கப் பள்ளியிலும் நடுநிலைப் பள்ளியிலும் கட்டணத்தை ரத்து செய்தார்கள். பெட்ரோல் பங்க்கில் கூடுதலாகக் கொடுத்த அம்மாவுக்கு, பள்ளி திறந்த நாளில் ஃபீஸ் கேட்கவில்லை என்பது தெரிந்தது. கட்டணம் ரத்தானதா இல்லையா என்று தணிக்கை அதிகாரி வந்து சொல்ல வேண்டியதில்லை.

நைஜீரியாவில் இப்போது விலை ஏறியாகிவிட்டது. லாகோஸ் அருகே நாளொன்றுக்கு 6,50,000 பீப்பாய் திறனுள்ள டாங்கோட்டே சுத்திகரிப்பு ஆலை 2024-ல் ஓடத் தொடங்கி, அதே செப்டம்பரில் பெட்ரோலும் தந்தது. ஆகவே பழைய மானியத்துக்குத் திரும்புவதா என்பது இனிக் கேள்வி அல்ல. மிச்சமான பணம் எங்கே என்பதுதான் கேள்வி, அதற்குப் பாதி விடை பொதுவெளியிலேயே இருக்கிறது. மத்தியக் கணக்கிலிருந்து 36 மாநிலங்களுக்கும் 774 உள்ளாட்சிகளுக்கும் மாதாமாதம் பங்கு பிரிக்கிறார்கள். எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்பது வெளியாகிறது. 2023 நடுவிலிருந்து நைரா கணக்கில் அந்தப் பங்குகள் நன்றாகவே பெருத்திருக்கின்றன. தலைநகர் அபுஜாவில் அதிபர் மாளிகையைப் பார்த்துக் கோஷம் போடும் அதே வேகத்தில், தன் மாநில ஆளுநர் கைக்கு வந்த கூடுதல் பணம் என்ன ஆனது என்று கேட்பவர்கள் குறைவு. உள்ளாட்சிகளின் பங்கை மாநிலங்கள் பிடித்து வைக்கக் கூடாது, நேரடியாகவே கொடுக்க வேண்டும் என்று 2024 ஜூலை 11-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. தீர்ப்புக்குப் பிறகும் மாதக்கணக்கில் பணம் பழைய வழியிலேயே போய்க்கொண்டிருந்தது.